குறை சொல்லி விற்ற அன்ரி

துவக்கு வாங்க வருகிறவரை அன்ரி முதலில் கதிரையில் இருத்துவார். அடுத்ததாகத் தேநீர் கொடுப்பார். வந்தவர் இரண்டு வாய் குடித்து முடிவதற்குள், அந்தத் துவக்கை ஏன் வாங்கக் கூடாது என்று விளக்கத் தொடங்கிவிடுவார்.

துவக்கின் மரத்தில் இடது பக்கம் ஒரு வெடிப்பு இருக்கிறது, நான்தான் ஒட்டினேன், உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. குண்டை உள்ளே தள்ளுகிற இந்த போல்ற் இந்தத் துவக்கோடு பிறந்ததில்லை, அடித்திருக்கிற இலக்கத்தைப் பாருங்கள், வேறு. குழல் தேய்ந்துவிட்டது. நேரே குறி வைத்தால் இடப் பக்கம் போகும், எவ்வளவு போகும் என்று தாளில் சுட்டு வைத்திருக்கிறேன். இவ்வளவும் ஆங்கிலத்தில் நடக்கும். அன்ரியின் ஆங்கிலத்தில் இறந்தகாலமே கிடையாது. ஆனால் குறை சொல்வதற்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

வந்தவர் பெரும்பாலும் வடக்கே எங்கோ பண்ணை வைத்திருக்கும், தாடி வைத்த வெள்ளைக்காரராக இருப்பார். பாதிப் பேர் தேநீரைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விடுவார்கள். மற்றப் பாதிப் பேர் வாங்கிக்கொண்டு போய், அடுத்த வருடம் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். மைத்துனருக்கும் தேநீர் உண்டு.

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம், மோர்னிங்சைட்டில் அவருடைய வீட்டு பேஸ்மென்ற்றில் நான் ஏழு வருடம் வாடகைக்கு இருந்தேன். இப்போது அந்த வீட்டில் யாரோ இருக்கிறார்கள். அன்ரி மொன்றியலில் தங்கையோடு. அந்த ஏழு வருடமும் என் தலைக்கு மேலே, இரும்பு அலுமாரி ஒன்றுக்குள், பத்துப் பன்னிரண்டு துவக்குகள் நின்றன. எல்லாம் உலகப் போர்க் காலத்துப் பழசுகள். ஒன்றிரண்டு ரொறன்ரோவிலேயே, லோங் பிராஞ்சில் செய்தவை. லைசென்ஸ் இருந்தது, பூட்டு இருந்தது, குண்டுகள் வேறொரு அறையில் வேறொரு பூட்டுக்குள் இருந்தன. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் நாங்கள் ஊரில் நடந்த போரில் துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்த சனம். அன்ரியோ வந்த இடத்தில் அதைத் தேடிப் போய், காசு கொடுத்து வாங்கி, சீவிச் சிங்காரித்து விற்றுக்கொண்டிருந்தார். துவக்கு அன்ரி என்று பெயர் வராமல் வேறென்ன வரும்?

"அங்கை கண்டது போதாதே, அன்ரி?" என்று நானே ஒருமுறை கேட்டேன்.

"அங்கை நான் கண்டது எனக்கு நேரை நீட்டின பக்கம் மட்டும்தான் தம்பி. மற்றப் பக்கம் எப்பிடி இருக்கெண்டு பாக்க வேண்டாமே?"

இதைத் தத்துவம் மாதிரிச் சொல்லவில்லை. சொல்லும்போது ஒரு ரூத் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது என்னுடைய ரூத் பிரஷ் என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த கதையில் வீரம் எதுவும் இல்லை. தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடம் மேசை கதிரைகளுக்கு மெருகு பூசினார். அங்கே ஓய்வு பெறப்போன மேற்பார்வையாளர் ஒருவர், தன் தகப்பனின் பழைய துவக்கிலிருந்து மரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து, அதிலுள்ள பள்ளங்களை எடுக்க முடியுமா என்று கேட்டார். அன்ரி ஈரத் துணி ஒன்றை மரத்தின் மேல் விரித்து, சட்டை அயர்ன் பண்ணும் பெட்டியைச் சூடாக்கி அதன் மேல் வைத்தார். ஆவி இறங்கி மரம் உப்பி, பள்ளம் மேலே வந்தது. மேற்பார்வையாளர் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டாராம். "ஒரு அயர்ன் பண்ணினதுக்கு ஆரும் கட்டிப்பிடிப்பினமே? அப்ப இதுக்குள்ளை ஏதோ இருக்கெண்டு விளங்கிச்சு" என்பார் அன்ரி. அடுத்த மாதமே லைசென்ஸ் வகுப்பில் போய் இருந்துவிட்டார். வகுப்பில் இருந்த ஒரே பெண், ஒரே தமிழர், ஒரே சேலை.

கணவர் எங்கே என்று கேட்டால், "ரெக்ஸ்டேலிலை சுகமா இருக்கிறார்" என்பார். அது இதே நகரத்தின் மறுகோடி. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான்.

பழைய துவக்கு யாவாரத்தில் இலக்கம் பொருந்துவது பெரிய விசயம். துவக்கின் உடலில் உள்ள இலக்கமும் போல்ற்றில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருந்தால் மதிப்பு ஒரேயடியாக ஏறும். ஒருநாள் யாவாரி ஒருவர் வந்தார். அன்ரியின் வேலைப்பாட்டைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, பொருந்தாத போல்ற்றுகளில் பழைய இலக்கத்தை அராவி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்துவிடலாமே, அடிக்கும் அச்சுகள் தன்னிடம் இருக்கின்றன என்றார்.  அன்ரி, யாவாரி குடித்துக்கொண்டிருந்த தேநீர்க் கோப்பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்ச் சிங்கில் ஊற்றினார்.

யாவாரி போனபின் நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்கடை பாஸ்போட்டிலையும் வயசு நாலு குறையத்தானே அன்ரி?" என்றேன்.

"ஓம். அது என்னை இங்கை அனுப்பின ஏஜென்ற் அடிச்ச இலக்கம். நான் அடிக்கேல்லை" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "நாலு இல்லை, அஞ்சு" என்றார்.

இப்படித்தான் ஆள். பொய் சொல்லத் தெரியாது என்றில்லை, சொல்லும் அவசியம் அவருக்குப் புரிவதில்லை. ரஷ்யத் துவக்குகள் கிறீசில் ஊறித்தான் வரும். அந்தக் கிறீஸை மரத்திலிருந்து எடுக்க, அன்ரி மரத்தைத் தாளில் சுற்றி, கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டு, காரின் பின் சீற்றில் வெயிலில் விட்டுவிடுவார். சூட்டில் கிறீஸ் உருகித் தாளில் இறங்கும். ஒரு ஆடி வெள்ளிக்கு அந்தக் காரோடேயே கோவிலுக்குப் போனார். நீளமாக, கறுப்புப் பையில் சுற்றி, உருளாமல் இருக்க சீற் பெல்ற் வேறு போட்டிருந்தார். வாகனம் ஒழுங்கு செய்த தொண்டர் கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தார்.

"அன்ரி, பின்னாலை ஆர்?"

"ஒருத்தருமில்லை. ரஷ்யத் துவக்கின்ரை மரம். கிறீஸ் வடியுது."

திரைச்சீலைத் தடி என்று சொல்லியிருந்தால் அர்ச்சனையோடு முடிந்திருக்கும். இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். லைசென்ஸைப் பார்த்தார்கள், பையை அவிழ்த்துப் பார்த்தார்கள், சிரித்தார்கள். போகப் புறப்பட்டவர்களை அன்ரி நிறுத்தி, காரின் பின் லைற் ஒன்று எரிவதில்லை என்றும் சொன்னார். அதற்கு ஒரு அபராதத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் நான் சிரித்து ரசித்துக்கொண்டிருந்தேன், எனக்குக் கலியாணம் பேசும் வரைக்கும்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. முதல் கலியாணம் ஆறு மாதத்தில் முறிந்திருந்தது. இரண்டாவதைச் செய்து வைக்க இறங்கிய என் அக்கா, முதலாவதைப் பற்றி மூச்சு விடவில்லை. பெண் வீட்டுக்கு அனுப்பிய படத்தில் எனக்குத் தொப்பி போட்டுவிட்டவரும் அவர்தான். வோபர்னில் ஒரு குடும்பம் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டது. மிச்சமிருந்தது விசாரிப்பதுதான். மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடம் யார் கேட்பார்கள்? அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் ஆளிடம் கேட்பார்கள். பெண்ணின் தாய் அன்ரிக்குப் போன் எடுத்தார். அன்ரியின் கை முழுக்க எண்ணெய் என்பதால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. வாடகைக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கப் போன நான் குசினி வாசலில் நின்றேன்.

"பொடியன் நல்லவன்" என்று தொடங்கினார் அன்ரி. என் நெஞ்சு குளிர்ந்தது.

"வேலைக்கு ஒழுங்காப் போவான். சனிக்கிழமையிலை மட்டும் குடிப்பான். கோவம் வந்தா மூண்டு நாள் கதைக்க மாட்டான். குளிச்சா பாத்ரூமிலை குளம்தான். உச்சியிலை மயிர் இல்லை, படத்திலை தொப்பி போட்டிருப்பான். முதல் கலியாணம் ஆறு மாசம் நிண்டது."

 நான் இரண்டு கையையும் உயர்த்தி, கும்பிட்டு, கழுத்தை அறுப்பது போலக் காட்டி, தெரிந்த சைகையெல்லாம் செய்தேன்.

"பிழை பாதி உவனிலைதான். மற்றப் பாதி எனக்குத் தெரியாது, அந்தப் பிள்ளையோடை நான் கதைக்கேல்லை. இப்ப முன்னாலை நிண்டு கையைக் கையைக் காட்டிறான்."

சம்பந்தம் அன்றைக்கே முடிந்தது. நான் வீடு அதிரக் கத்தினேன். "நானென்ன உங்கடை துவக்கே, குறை சொல்லி விக்கிறதுக்கு?"

"கேட்டவை, சொன்னன். நல்லவன் எண்டுதானே முதல் சொன்னனான்" என்றார் அன்ரி. அவருடைய முகத்தில் குற்றவுணர்ச்சி மருந்துக்கும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேச்சை நிறுத்தினேன். நான்காம் நாள் பேசினேன். அவர் சொன்ன கணக்கு அப்படியே சரியாகப் போனதில் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அந்த டெலிபோன் உரையாடல் ஸ்காபரோ முழுக்கப் பரவியது. கடையில் என்னைக் கண்டவர்கள் முதலில் என் உச்சியைப் பார்த்தார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு பெண், அந்த வோபர்ன் குடும்பத்துக்குத் தூரத்து உறவு, தானே அன்ரிக்குப் போன் எடுத்து ஒரு மணித்தியாலம் கதைத்தாள். அவளுக்கும் ஒரு கலியாணம் முடிந்து முறிந்திருந்தது. என்னை முதன்முதலில் கண்டபோது, "எல்லாக் குறையையும் ஒரே நாளிலை கேட்டு முடிச்சிட்டன். இனிப் புதுசா ஒண்டும் வராதுதானே?" என்றாள். அவள்தான் என் மனைவி. புதிதாகவும் சில வந்தன என்று இப்போது சொல்கிறாள். அந்த பேஸ்மென்ற்றிலேயே குடும்பம் நடத்தினோம், ஒரு மகள் பிறந்தாள்.

மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது அன்ரி மறக்கத் தொடங்கினார். முதலில் கார்த் திறப்பு பிறீசருக்குள் இருந்தது. அடுத்த கிழமை என்னை என் அக்காவின் புருசனுடைய பெயரால் கூப்பிட்டார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது என்பதால் அதையும் வேண்டுமென்று செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், துவக்கு லைசென்ஸின் திகதி கடந்து போயிருந்தது. தவணை நாளைக்கூட மறக்காத ஆள். சட்டம் தரும் ஆறு மாதச் சலுகை முடிவதற்குள் புதிதாக விண்ணப்பம் போட வேண்டியதாயிற்று. அதற்கு, அவரைப் பல வருடமாகத் தெரிந்த இரண்டு பேரின் பெயர் கொடுக்க வேண்டும். ஒன்று என்னுடையது.

அந்த விண்ணப்பம் போன சில நாளில் ஒரு சனிக்கிழமை முற்பகல். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சோபாவில் இருந்தேன், அதாவது தூங்கிவிட்டேன். விழித்தபோது பிள்ளையைக் காணவில்லை. படியின் மேல்கதவு திறந்திருந்தது. மேலே எங்கோ டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

இரும்பு அலுமாரி ஆவென்று திறந்து கிடந்தது. திறப்பு பூட்டிலேயே தொங்கியது. என் மகள் அதற்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து, ஒரு துவக்கின் அடிமரத்தில் கரண்டியால் தட்டித் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். குண்டு ஒன்றும் அங்கே இல்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்ரி என்று கத்தினேன்.

அன்ரி பின்வளவில் மரத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே வந்தார். பார்த்தார். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"நான் பூட்டினனான் தம்பி. பூட்டினது எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு" என்றார்.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மனைவியிடம் பாதிதான் சொன்னேன். அந்தப் பாதிக்கே அவள் படிக்கதவில் இரண்டு கொக்கி அடித்தாள். மூன்று கிழமை கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. லைசென்ஸ் அலுவலகத்து அதிகாரி. தன்மையான குரல். எவ்வளவு காலமாகத் தெரியும், கோபக்காரரா, குடிப்பாரா, மனக்கவலை உள்ளவரா என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில், பாதுகாப்பைப் பொறுத்தவரை நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்றார். மகள் என் இடுப்பில் இருந்தாள். என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்றும் இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வாடகை குறைவு, அதுவும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாவிட்டால் துவக்குகள் போய்விடும். துவக்குகள் போனால், காலையில் எழும்பி அன்ரி எந்த மேசைக்குப் போவார்? ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு வெதர் நியூஸ் பார்த்துக்கொண்டிருக்கும் அன்ரியை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவர் மேல் எனக்கு அவ்வளவு பாசம் இருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

நல்ல செய்தியோடு மேலே ஓடினேன். அன்ரி குசினி மேசையில் இருந்தார்.

"அன்ரி, லைசென்ஸ்காரன் எடுத்தவன். எல்லாம் நல்லாச் சொல்லிவிட்டிருக்கிறன். பிரச்சினை இல்லை."

"அலுமாரி திறந்து கிடந்ததைச் சொன்னனீரே?"

"அதையேன் அன்ரி?"

"அவன் கேட்டவனே, இல்லையே?"

"கேட்டவன்தான்."

"கேட்டும் சொல்லேல்லை."

"உங்களுக்காகத்தான் அன்ரி."

"உந்தப் பிள்ளை ஆற்றை?" என்று என் இடுப்பைக் காட்டினார்.  அன்ரி குரலை உயர்த்தவேயில்லை. "உம்மடை பிள்ளைதானே. அதையும் வைச்சுக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறீர். அந்த நம்பரைத் தாரும்."

"விடுங்கோ அன்ரி. அவன் லைசென்ஸைத் தரமாட்டான்."

"தரமாட்டான்தான். தாரும்."

நான் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் என் போனை வாங்கித் தானே தேடியிருப்பார். ஸ்பீக்கரில் போட்டார். அதே தன்மையான குரல் எடுத்தது. அன்ரி தன் பெயரையும் விண்ணப்ப இலக்கத்தையும் சொல்லிவிட்டுத் தொடங்கினார்.

என்னிடம் பதினொரு துவக்குகள் இருக்கின்றன. என் கண் நல்லது. கை நடுங்காது. ஆனால் திறப்புகளை மறக்கிறேன். அலுமாரியை மூன்று தரம் திறந்தபடி விட்டிருக்கிறேன். மூன்றாம் தரம், இரண்டு வயதுப் பிள்ளை அதற்கு முன்னால் இருந்தது. நான் பூட்டினேன் என்று என் தலைக்குள் ஞாபகம் இருக்கிறது, ஆனால் பூட்டவில்லை. அதனால் நான் சொல்வதையும் நீங்கள் நம்பக் கூடாது.

மூன்று தரம் என்பது எனக்கே புதிய செய்தி.

 அதிகாரி, இதைச் சொன்னதற்கு நன்றி அம்மா, விண்ணப்பத்தை நீங்களே விலக்கிக்கொள்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார். அன்ரி தலையைத் திருப்பி, திறந்திருந்த கதவுக்குள்ளால் அந்த இரும்பு அலுமாரியைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நெடுநேரம் பார்த்தார். பிறகு, ஆம் என்றார். லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விற்று முடிக்க ஆறு கிழமை வேண்டும் என்று கேட்டார். என்ன செய்ய வேண்டும் என்பதை அதிகாரி சொன்னார். அன்ரி ஒரு கடித உறையின் பின்னால் எழுதிக்கொண்டார்.

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார்.

"ஒன்று இருக்கிறது" என்றார் அன்ரி. என்னைப் பார்த்துக்கொண்டே, தன் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அந்தப் பொடியன் சொன்னதை எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள். நல்ல பொடியன். ஆனால் தனக்கு விருப்பமான ஆட்களுக்காகப் பொய் சொல்லுவான்."

அன்ரி போனை வைத்தார். அவருடைய கண்ணில் ஒரு சொட்டும் இல்லை. நான்தான், பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் குசினியின் நடுவில் நின்று அழுதேன்.